கத்தி தீட்ட எந்தக் கல்? விலை குறைந்த கல்லே போதும்!

"சாணை பிடிக்கலையோ, சாணை!"

திருநெல்வேலித் தெருக்களில் இந்தக் குரல் கேட்டால் போதும். அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். சைக்கிளில் சக்கரம் கட்டி வரும் சாணைக்காரர் பெடலை மிதிப்பார். தீப்பொறி பறக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்போது அவர் வருவது குறைந்துவிட்டது. அதற்காகக் கத்தி மழுங்காமல் இருக்குமா?

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்! தக்காளியில் வைத்தால் இறங்காது. பலமாக அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுக்கும். தக்காளி பிழைத்துக்கொள்ளும், விரல் பிழைக்காது.

ஆகவே, வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொள்வது நல்லது.

தமிழ்ப் பெயர்

இரும்புக் கடைக்குப் போய், "கார்போரண்டம் கல்" என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது பாதி தமிழ்!

வைரத்துக்கு அடுத்தபடியாக மிகக் கடினமான கல் வகைகளில் ஒன்று குருந்தம். இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் "கொரண்டம்" ஆயிற்று. 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் காய்ச்சினார். புதுப் பொருள் ஒன்று கிடைத்தது. அதற்குத்தான் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். 1954-ல் சென்னையில் அதே பெயரில் ஒரு கம்பெனியும் தொடங்கியது. கடல் கடந்து போன சொல், கல்லோடு ஊர் திரும்பிவிட்டது!

எப்படி வாங்குவது?

ஒருபுறம் சொரசொரப்பு, மறுபுறம் வழவழப்பு. இப்படி இரண்டு முகம் உள்ள கல்லாக ஒன்று வாங்கினால் போதும். 8 அங்குல நீளம் இருந்தால் கத்தியை இழுக்க வசதி. ஓரிரு நூறு ரூபாயில் கிடைக்கும். ஜப்பான் கல் ஆயிரக்கணக்கில் விலை. கை பழகாதவருக்கு அது வீண் செலவு. கற்றுக்கொள்ளும்போது கல் தேயத்தான் செய்யும்.

கடையிலேயே கல்லின்மேல் ஓர் இரும்பு அடிக்கோலை நிறுத்திப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் கல் மட்டமாக இல்லை. வேறு கேளுங்கள்.

விலை குறைந்த கல்லில் வேலை நடக்குமா என்று சந்தேகமா? பனையேறிகளைக் கேளுங்கள். பதநீருக்காகப் பாளையை அன்றாடம் மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிவாள் மழுங்கினால் பாளை நசுங்கும், பதநீர் வராது. அந்த அரிவாளை அவர்கள் எதில் தீட்டுகிறார்கள்? மரப்பலகையில் வெள்ளைக் கல்லைப் பொடி செய்து தூவி!

தீட்டும் விதம்

கல்லைத் தண்ணீரில் போடுங்கள். குமிழி அடங்கியதும் எடுத்து, ஈரத் துணிமேல் வையுங்கள். எண்ணெய் வேண்டாம். ஒருமுறை எண்ணெய் குடித்த கல், பிறகு தண்ணீரை ஏற்காது.

கத்தியின் முதுகைச் சற்றே தூக்குங்கள். அடியில் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் சரி. அந்தச் சாய்வு மாறாமல் முதலில் சொரசொரப்பு முகத்தில் தேயுங்கள். மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதுதான் அடையாளம். உடனே கத்தியைத் திருப்பித் தேயுங்கள். கடைசியில் வழவழப்பு முகம். அரிவாள்மணையானால் கல்லைக் கையில் பிடித்து அலகின்மேல் ஓட்ட வேண்டும்.

மின்சாரச் சக்கரத்தில் மட்டும் நீங்களாக வைத்துவிடாதீர்கள். சூடேறி அலகில் நீலம் பாய்ந்தால், கொல்லர் கொடுத்த பதம் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

முதலில் பழைய கத்தி ஒன்றில் பழகுங்கள். பத்து நாளில் கை படியும். கூரைச் சோதிக்க விரலை வைக்காதீர்கள். படித்து முடித்த பத்திரிகைத் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள்!