மருத்துவமனைப் பட்டியலில் தேதி இருக்கிறதா?



மருத்துவ உதவி கேட்டு நமது அலுவலகத்திற்கு வருபவர்களில் பலர் முதலில் பணம் கேட்பதில்லை. “காப்பீட்டு அட்டை இருக்குதுங்க பாய், எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்கும்போதே செல்போனை நீட்டுவார்கள். கோவையில் இலவச சிகிச்சை தரும் மருத்துவமனைகள் என்று அதில் ஒரு வாட்ஸ்அப் பட்டியல் இருக்கும். யார் தயாரித்தது, எந்த வருடம் தயாரித்தது என்று மட்டும் இருக்காது.

நமது பகுதிக் குடும்பம் ஒன்று அப்படியொரு பட்டியலை நம்பி அத்தாவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. அவருக்கு ஆஞ்சியோ செய்யச் சொல்லியிருந்தார்கள். வரவேற்பில் “ஸ்கீம் இருக்குதுங்க” என்றார்கள்; சேர்த்தும் கொண்டார்கள். மறுநாள் மதியம்தான் காப்பீட்டு கவுண்டரில் விவரம் தெரிந்தது. அந்த மருத்துவமனை திட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் எலும்பு முறிவுக்கும் பொது அறுவை சிகிச்சைக்கும் மட்டும். இதய சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும், பரிசோதனைக்குக் கட்டிய பணமும் போயின. பிறகு திருச்சி சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. பட்டியல் பாதி உண்மையாக இருந்தது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள, திட்டம் எப்படி நடக்கிறது என்று சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்திற்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மருத்துவமனைகளை இதில் சேர்ப்பது துறை துறையாக நடக்கிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், எலும்பு, கண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அங்கீகாரம். சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சில மருத்துவமனைகள் நடுவில் விலகும், சில நீக்கப்படும், புதியவை சேரும். ஆகவே “இந்த மருத்துவமனையில் ஸ்கீம் உண்டா?” என்ற கேள்வியே போதாது. “இந்த நோய்க்கு, இந்த சிகிச்சைக்கு, இன்றைக்கு உண்டா?” என்று கேட்க வேண்டும். வரவேற்பில் இருப்பவரை விட்டுவிட்டுக் காப்பீட்டு கவுண்டரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும்.

மருத்துவர்கள் விஷயத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். காலையில் அவிநாசி சாலையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருப்பவர், மாலையில் உக்கடத்தில் ஒரு கிளினிக்கில் பார்ப்பார், வாரம் ஒரு நாள் பொள்ளாச்சிக்கும் போவார். ஒரே பெயரில் இரண்டு மூன்று மருத்துவர்கள் இருப்பார்கள். ஷாஜஹான் என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். கணினியில் போட்டால் நான்கு ஆளாகக் காட்டும். இதற்கு ஒரே வழி பதிவு எண். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிந்த எண்ணை மருத்துவர் தன் மருந்துச் சீட்டிலும் கிளினிக்கிலும் குறிப்பிட வேண்டும் என்பது விதி. சித்தா, யுனானி, ஆயுர்வேத மருத்துவர்களுக்கும் அவரவர் முறைக்கான பதிவு உண்டு. நமது பட்டியலில் ஒரு மருத்துவருக்கு ஒரே எண். அவர் அமரும் ஒவ்வோர் இடத்திற்கும் தனி வரி, தனி நேரம். ஓர் இடத்தை விட்டு அவர் போய்விட்டால் அந்த வரி மட்டும் நீங்கும், ஆள் நீங்க மாட்டார்.

எல்லா விவரமும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. முகவரியும் பதிவு எண்ணும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். எந்தத் துறைக்குக் காப்பீடு, எந்த மருத்துவர் எங்கே என்பவை மாதங்களில் மாறும். டயாலிசிஸ் நேரமும் ஐசியூ படுக்கையும் மணிக்கணக்கில் மாறும். 2021 மே இறுதியில் கோவையின் தினசரி கொரோனா எண்ணிக்கை சென்னையையே தாண்டிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது படுக்கை நிலவரத்தை அரசு இணையதளத்தில் வெளியிட்டது. அந்தப் பக்கத்தின் படத்தைக் காலையில் எடுத்து இரவு வரை அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. படத்தில் படுக்கை காலியாகவே இருக்கும்; அங்கே போனால் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. ஆகவே மணிக்கணக்கில் மாறும் எதையும் நமது பட்டியலில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ‘டயாலிசிஸ் பிரிவு உண்டு’ என்று எழுதுவோம். ‘இடம் உண்டு’ என்று எழுத மாட்டோம். இடத்திற்கு எண் இருக்கிறது, கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டுமுள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டு நிறுவனங்கள் வெளியிடும் மருத்துவர் பட்டியல்களை அந்நாட்டு அரசே 2016 முதல் 2018 வரை சரிபார்த்தது. சோதித்த இடங்களில் ஏறத்தாழ பாதியில் ஏதாவது ஒரு பிழை: மருத்துவர் அங்கே இல்லை, அல்லது தொலைபேசி எண் தவறு, அல்லது புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. அத்தனை பணமும் கணினியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை! 2022 ஜனவரி முதல் அங்கே சட்டமே வந்துவிட்டது. தனியார் காப்பீட்டு நிறுவனம் 90 நாட்களுக்கு ஒரு முறை பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் 2 வேலை நாட்களுக்குள் திருத்த வேண்டும். பட்டியலை நம்பிப் போன நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. அந்தக் கடைசி விதிதான் நமக்குப் பிடித்தது. தவறான விவரத்தின் செலவை நோயாளி தலையில் கட்டாத விதி அது.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடும், மருத்துவர், செவிலியர் போன்றோருக்கு ஒரு பதிவேடும் உருவாகி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கிடைக்கும். முழுமையாகும்போது நமது வேலை பாதி குறையும். அதுவரை சும்மா இருக்க முடியாது.

ஆகவே டிரஸ்ட் தன்னார்வலர்கள் 90 நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு வரியையும் தொலைபேசியில் சரிபார்ப்பார்கள். சரிபார்த்த தேதி வரியின் ஓரத்திலேயே இருக்கும். யாரிடம் கேட்டது என்பதும் இருக்கும்: கவுண்டர், வரவேற்பு, அல்லது திட்டத்தின் இணையதளம். விசாரிக்கும்போது எந்த நோயாளியின் பெயரையும் நோயையும் சொல்லக் கூடாது, அது அமானிதம். தெரியாத கட்டத்தைக் காலியாக விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. மருத்துவர்களின் சொந்தக் கைபேசி எண் நமக்குத் தெரிந்திருந்தாலும் பட்டியலில் வராது. மூலப்படி அலுவலகக் கணினியில் ஒன்றே ஒன்று. திருத்தம் அதில் மட்டும். தன்னார்வலர் ஆளுக்கொரு நோட்டில் எழுதி வைத்தால் மூன்று மாதத்தில் ஐந்து பட்டியல் உருவாகிவிடும்.

அச்சுப் பிரதியின் மேலே தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு 90 நாள் கடந்த பிரதி வீட்டில் இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காகிதம் கிழிந்துவிடும், படம் பத்து வருடம் சுற்றும்.

நெஞ்சு வலி, விபத்து, பக்கவாதம் என்றால் பட்டியலைத் தேடவே வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மற்ற சிகிச்சைகளுக்குப் புறப்படும் முன் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-ல் கேட்டு, பிறகு மருத்துவமனை கவுண்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் நல்லது.

சிகிச்சை முடிந்து வந்தவர்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. பட்டியலில் இருந்ததற்கும் அங்கே நேரில் கண்டதற்கும் வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள். அலுவலக வாசலில் ஒரு பதிவு நோட்டு வைத்திருக்கிறோம். மருத்துவமனை, எந்தத் துறை, எந்தத் தேதியில் போனீர்கள், என்ன சொன்னார்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும். நோயாளியின் பெயர் வேண்டாம். எழுதத் தயங்கும் பெரியவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் வந்து வாயால் சொன்னால் தன்னார்வலர் எழுதிக்கொள்வார். அன்றைக்கே விசாரித்து, 2 நாட்களுக்குள் மூலப்படியில் திருத்தம் ஏறும், இன்ஷா அல்லாஹ்.