48 மணித்தியாலமும் 16 மாதமும்

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி, அதுவும் 3 மாதத்துக்கு மேல். நாட்பட்ட தினசரித் தலையிடி என்பது இதுதான். வருடத்துக்குக் குறைந்தது 180 நாள் இதில் போகிறது. உலக மதிப்பீட்டில் வளர்ந்தவர்கள் நூறு பேரில் 3 முதல் 5 பேர் வரை இப்படி வாழ்கிறார்கள்.

முதலில் குளிசைக் கணக்கு. காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு தினமும் 2 பெனடோல் என்றால் மாதம் 60, வருடம் 730. ஒன்றில் 500 மில்லிகிராம். ஆக 365 கிராம் பரசிட்டமோல். நாளுக்கு 8 என்ற உச்ச அளவுக்கு இது மிகக் கீழே, அதனால் வீட்டில் யாருக்கும் பயம் வருவதில்லை. ஆனால் தலையிடிக்காரர் எண்ண வேண்டியது குளிசைகளை அல்ல, குளிசை போட்ட நாட்களை. பரசிட்டமோல் மாதம் 15 நாள், கோடீன் கலந்ததோ எர்கோடமைனோ 10 நாள் என்று 3 மாதம் தாண்டினால், மருந்தே தலையிடியை வளர்க்கத் தொடங்கலாம்.

வார்டில் சேர்த்தால் தீருமா? 1986இல் சான் பிரான்சிஸ்கோவின் வைத்தியர் நீல் ராஸ்கின், விடாத தலையிடிக்காரர் 55 பேருக்கு 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை டைஹைட்ரோஎர்கோடமைன் என்ற மருந்தை ஏற்றினார். 48 மணித்தியாலத்துக்குள் 49 பேருக்குத் தலையிடி நின்றது. சராசரி 16 மாதம் கழித்தும் பலன் நீடித்தது 39 பேருக்கு. நூற்றுக்கு 89 என்றிருந்தது 71 ஆனது. நல்ல விளைவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 10 பேரை நழுவவிட்டது வார்டுக்கு வெளியே உள்ள காலம்.

அந்தக் காலத்தை ஜெர்மனியில் ஆய்வாளர் கட்சரவாவின் குழு 4 வருடம் அளந்தது. அளவுமீறிய மருந்தை நிறுத்தியவர்களில் பழைய பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் 6 மாதத்தில் நூற்றுக்கு 31, ஒரு வருடத்தில் 41, 4 வருடத்தில் 45. முதல் வருடத்தில் 41 என்றால், பிந்திய 3 வருடமும் சேர்த்துக் கூடியது 4 மட்டுமே. இந்த முழுக் கணக்கிலும் எனக்கு மிக முக்கியமான எண்கள் இவை.

மருந்தை நிறுத்தும் ஓர் அலவத்துகொடக்காரருக்கு அந்த முதல் வருடம் A9 வீதியில்தான் கழிகிறது. அங்கிருந்து கண்டிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். மாதம் ஒரு கிளினிக் என்றால் 12 தடவை, போகவர 360 கிலோமீட்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. பஸ் காசும் 12 நாள் கூலியும் அவருடையவை. நாட்கூலிக்காரர் மூன்றாம் மாதத்தில் வராமல் விட்டால், அதைக் கவனக்குறைவு என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

சாதாரண வலிமாத்திரையை நிறுத்தினால் விலகல் தலையிடி சராசரி 9.5 நாள் இருக்கும் என்று 2001இல் அதே குழு கணக்கிட்டது. அதை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். கோடீனையோ தூக்கக் குளிசையையோ தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது; வார்டு உண்மையில் தேவைப்படுவது அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் மாதத்துக்கு ஒரு தாள் போதும். தலையிடி வந்த நாளுக்குக் கோடு, குளிசை போட்ட நாளுக்குப் புள்ளி. 10 நாள் எல்லைக்கு முன்பே, மாதத்தில் புள்ளி 8ஐத் தொட்டால் அடுத்த திகதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும்.