பொலிசும் மக்களும் நண்பராக முடியுமா?

பொலிஸ் நிலையப் படியேறுவதென்றால் எமது கிராம மக்களுக்குத் தயக்கந்தான். களவு போன மாட்டைப் பற்றி முறையிடப் போனவரே விசாரணைக்கு உள்ளாகிவிடுவாரோ என்ற பயம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கோ அப்பயம் இரட்டிப்பு. இந்நிலையை மாற்ற முயன்ற ஓர் அதிகாரியின் பணியையும், அம்முயற்சி பின்னர் கண்ட சோதனையையும் இங்கே நோக்குவோம்.

தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டம் எம்மவர் பலர் அறிந்த இடம். மன்னாரிலிருந்து படகேறியோர் தங்கிய மண்டபம் முகாம் அங்கேதான் உள்ளது. 1993இல் அம்மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகராக இருந்தவர் பிரதீப் வி. பிலிப். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் உயிரைப் பறித்த குண்டுவெடிப்பில், கடமையிலிருந்த இவரும் படுகாயமடைந்தார். அத்தகைய ஒருவர் மக்களைச் சந்தேகத்தோடு நோக்கியிருந்தாலும் வியப்பில்லை. அவரோ மக்களை அருகே அழைத்தார்.

'பொலிஸ் நண்பர்கள்' என்பது அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர். ஊரில் நற்பெயருள்ள, குற்ற வழக்குகளில் சிக்காத ஆண்களும் பெண்களும் தொண்டர்களாகச் சேர்ந்தனர். இரவுக் காவலிலும் போக்குவரத்து ஒழுங்கிலும் உதவினர். ஊர்ப் பிரச்சினைகளைப் பொலிசாரிடம் எடுத்துச் சென்றனர். இவ்வியக்கம் பின்னர் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது.

ஆனால் 2020 யூனில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகக் கைதான தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். அச்சம்பவத்தில் தொண்டர்களுக்கும் தொடர்புண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தமது உறுப்பினர் அல்லர் என இயக்கத்தினர் மறுத்தனர். எனினும் யூலையில் மாநில அரசு இயக்கத்தைத் தடை செய்தது.

2021 செப்டெம்பர் 30இல் பிலிப் ஓய்வு பெற்றார். குண்டுவெடிப்பில் இரத்தக் கறை படிந்து, வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருந்த தமது தொப்பியையும் பெயர்ப் பட்டையையும் அனுமதியோடு பெற்று, கடைசி நாளில் அணிந்துகொண்டார்.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? நல்ல அதிகாரி ஒருவர் வழியைத் திறக்கலாம்; அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவ்வழியைக் காப்பது ஊராரின் விழிப்பே. பொலிசாருக்குத் துணை நிற்பது மட்டும் நட்பாகாது. தவறு நடக்கும்போது தட்டிக் கேட்பதும் நட்பின் கடமையே.

ஆகவே எமது கிராமங்களில் பொலிசாருடன் இணைந்து ஒரு குழு அமைக்கப்படும்போது நாம் சில கேள்விகளைக் கேட்போம். உறுப்பினரைத் தெரிவு செய்பவர் யார்? விதவைகளுக்கும் காணியற்றோருக்கும் புதிதாக வந்து குடியேறியோருக்கும் அதில் இடமுண்டா? உறுப்பினர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என எழுத்தில் உள்ளதா? அவர்கள் தவறினால் யாரிடம் முறையிடுவது?

இவற்றுக்கு ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் கேட்கப் பதில் கிடைத்தால், அந்நட்பை நம்பிக் கைகொடுக்கலாம்.