தூங்குபவர் சாட்சி சொல்ல முடியாது

டி.வி. முன்னால் உட்கார்ந்தவரின் தலை தொங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ரிமோட்டை மெல்ல எடுக்கப் போனால், "பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் நழுவிய நிமிடங்கள் நினைவில் பதிவதே இல்லை. பகல் தூக்கத்தைக் கண்டுபிடிப்பதில் முதல் சிக்கலும் இதுதான். யாருக்கு நோயோ, அவரால் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

அதனால்தான் விஷயம் தெரிந்த டாக்டர்கள், ஒரே அறையில் படுப்பவரையும் கூட அழைத்துவரச் சொல்கிறார்கள். நோயாளி வந்திருப்பதே வேறு காரணத்துக்காக இருக்கும்: மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், காலைத் தலைவலி, ராத்திரியில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது. "தூக்கமெல்லாம் நல்லா வருது டாக்டர், படுத்ததும் தூங்கிடுவேன்" என்பார் பெருமையாக. "குறட்டை விட்டுக்கிட்டே இருப்பார், திடீர்னு மூச்சே நின்னுடும். பயந்துபோய் உலுக்குவேன்" என்று மனைவி சொல்லும்போதுதான் வழக்கு திசை மாறும். மனைவிக்கு மூச்சுத்தடை இருந்தால்? கணவர் முன்பே தூங்கியிருப்பார். பெண்களும் குறட்டையைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'அசதி, தூக்கமே வரலை' என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் சத்து டானிக்கோடு திருப்பி அனுப்பப்படுவது இன்றும் நடக்கிறது.

அசதி வேறு, தூக்கம் வேறு. ரத்தசோகைக்காரர் களைத்துப் படுப்பார். ஆனால் கண் மூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, மெல்பர்னைச் சேர்ந்த டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அவர் பணியாற்றிய மருத்துவமனையின் பெயரால் அது எப்வொர்த் அளவுகோல் எனப்படுகிறது. படிக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்பினால் இரண்டு தாள்களும் எவ்வளவு விலகி நிற்கும் என்பது சுவாரசியமான விஷயம்.

அடுத்த கேள்வி எளிமையானது. பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. நள்ளிரவு ஒரு மணிவரை செல்போன், காலை ஐந்தரைக்கு அலாரம் என்று வாழ்பவருக்கு ஸ்கேன் எதற்கு? இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னால் போதும். சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் மாத்திரைகள், வலிப்பு மருந்துகள், மனச்சோர்வு, தைராய்டு குறைவு, இரவு ஷிப்ட் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும் மிஞ்சும் பகல் தூக்கத்தில் பெரும்பங்கு, தூக்கத்தில் வரும் மூச்சுத்தடைக்குத்தான். 2023-ல் வந்த 'குட் நைட்' படத்தில் மணிகண்டனின் குறட்டைக்குத் தியேட்டரே சிரித்தது. குறட்டை விடுகிற எல்லோருக்கும் நோய் இல்லை. சிலருக்கு மட்டும் தொண்டைத் தசை தளர்ந்து, காற்றுப்பாதை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு நொடி விழிக்கிறது. இப்படி இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை. காலையில் ஒன்றுமே ஞாபகம் இருக்காது. தலை, மார்பு, மூக்கு, விரல் என ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்து இதை எண்ணுகிறார்கள். மணிக்கு 5-க்குக் கீழ் என்றால் சரி. 15-ஐத் தொட்டால் நடுத்தரம். 30 என்றால் கடுமை.

1980 வரை கடுமையான நோயாளிக்கு இருந்த முக்கியமான வழி, கழுத்தில் துளை போடுவதுதான். சிட்னியில் காலின் சல்லிவன், வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் மூக்கு வழியாக ஊத வைத்தார். காற்றின் அழுத்தத்தில் தொண்டை அடைபடாமல் திறந்தே நின்றது. 1981-ல் ஐந்து நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். இன்று 'சிபாப்' என்று விற்கும் கருவியின் பிறப்பு இதுதான். முகமூடி மாட்டிக்கொண்டு படுப்பது யாருக்கும் பிடிக்காது. வாங்கிய கருவி பரணுக்குப் போவதும் உண்டு. இருந்தாலும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்கள் சில நாட்களிலேயே மாற்றத்தைச் சொல்கிறார்கள். எடை குறைப்பதும், மதுவை விடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் துணை நிற்கும். லேசான தடைக்குக் கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல் கருவி உண்டு.

மூச்சும் சரி, தூங்கும் நேரமும் சரி, ஆனாலும் பகலில் கண் செருகுகிறதா? இரவுப் பரிசோதனைக்கு மறுநாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என ஐந்து குட்டித் தூக்கம் போடச் சொல்வார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குள் விழுந்தால் நார்கோலெப்சி. 'நான் சிகப்பு மனிதன்' படத்தில் விஷாலுக்கு இருந்த நோய்தான். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற ரசாயனத்தை 1998-ல்தான் கண்டுபிடித்தார்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு அதைச் சுரக்கும் செல்களே அழிந்துபோயிருக்கின்றன. அவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவண்டுவிடும், நினைவு தப்பாது. விழித்த பின்னும் உடல் அசையாத அனுபவமும் அடிக்கடி வரும். அதை 'அமுக்குவான் பேய்' என்று மந்திரிக்கப் போனவர்களும், வலிப்பு மாத்திரையைப் பல வருடம் விழுங்கியவர்களும் இருக்கிறார்கள்.

மொடாஃபினில் போன்ற மருந்துகள் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாதவை இவை. கருத்தடை மாத்திரையின் பலனையும் மொடாஃபினில் குறைக்கும். பரீட்சைக்குப் படிக்க இதைத் தேடும் மாணவர்கள் தங்கள் தூக்கக் கடனைத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். நார்கோலெப்சிக்கு மருந்தோடு இன்னொன்றும் எழுதித் தருவார்கள்: வேலை நேரத்தில், குறித்த வேளையில், பதினைந்து இருபது நிமிடத் தூக்கம். மருந்துச் சீட்டில் அதை எழுதுவது சுலபம். மேலாளரிடம் அந்தச் சீட்டை நீட்டி அனுமதி வாங்குவதுதான் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி.