சின்ன மூடிதானே!
"காலி சிலிண்டர்தானே, மூடி எதுக்கு அக்கா?" என்றாள் முதுநகரில் பக்கத்து வீட்டு மருமகப் பெண். அவளுக்கு ஒரு விமானத்தின் கதையைச் சொன்னேன்.

1996 மே 11. அமெரிக்காவில் மயாமியிலிருந்து கிளம்பிய விமானம் 10 நிமிஷத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதிலிருந்த 110 பேரும் மாண்டார்கள். காரணம் என்ன தெரியுமோ? ஆபத்து வேளையில் பயணிகளுக்கு மூச்சுத் தரும் பிராணவாயுக் குப்பிகள்தான்!

கெடு முடிந்ததென்று வேறு விமானங்களிலிருந்து கழற்றியவற்றுக்குப் பாதுகாப்பு மூடி போடவில்லை. போட்டதாகக் கையெழுத்து மட்டும் இருந்தது. 'காலி' என்று சீட்டெழுதி, அட்டைப்பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் உள்ளே ரசாயனம் இருந்தது. அது சூடேறித் தீப்பிடிக்க, வெளிவந்த பிராணவாயுவே தீயை வளர்த்தது.

சகோதரிகளே, காலி சிலிண்டரிலும் மிச்ச காஸ் இருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றியதும் மூடியை அழுத்திப் போடுங்கள். அது நூலில்தானே தொங்குகிறது!