கை மரத்துப் போகுதா? எந்த நரம்பு என்று கையே சொல்லும்!

பைக்கில் இருந்து விழுந்த ஒருவருக்குத் தோளில் பலத்த அடி என்று வைத்துக்கொள்வோம். எலும்புக்குக் கட்டுப் போட்டாயிற்று. ஆனால் கையைத் தூக்க வரவில்லை. "அடிபட்ட வலிதான், போகப் போக சரியாயிடும்" என்று வீட்டில் தைரியம் சொல்வார்கள். அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். அந்த ஆறு மாதத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

கைக்குச் செல்லும் நரம்பு அறுந்திருந்தால், அறுவை சிகிச்சை நல்ல பலன் தருவது பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களுக்குள்தான். நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். தாமதமானால், நரம்பு வந்து சேர்வதற்குள் தசை இளைத்து வீணாகிவிடும். அதனால் வலி குறைந்தால் மட்டும் போதாது. கை வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் தோளருகே பின்னிப் பிணைந்து, பல கிளைகளாகப் பிரிந்து விரல் நுனி வரை செல்கின்றன. ஒவ்வொரு வேருக்கும் முக்கியமான ஒரு வேலை உண்டு.

• கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது – சி5
• மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துவது – சி6
• மடக்கிய முழங்கையை நீட்டுவது – சி7
• விரல்களை மடக்கி இறுகப் பிடிப்பது – சி8
• விரல்களை அகல விரிப்பது – டி1

மருத்துவர் எதிர்த்து அழுத்தும்போது நீங்கள் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று பார்த்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அசைவே இல்லை என்றால் 0, முழு பலம் என்றால் 5. பஞ்சால் தொட்டு உணர்ச்சியையும் பார்ப்பார். கட்டைவிரல் மரத்தால் சி6, நடுவிரல் என்றால் சி7, சுண்டுவிரல் என்றால் சி8 பக்கம் சந்தேகம் போகும்.

கழுத்தா, முழங்கையா, மணிக்கட்டா?

விரல் மரத்தாலே கழுத்து எலும்பு தேய்மானம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே உள்ளவற்றை வீட்டிலேயே மெதுவாகச் செய்து பார்க்கலாம்.

மணிக்கட்டு: இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே தொங்கும்படி 1 நிமிடம் வைத்திருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மதமதப்பு வந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். இரவில் மரத்துப்போய் விழித்து, கையை உதறினால் சரியாவதும் இதன் அடையாளம்.

முழங்கை: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே ஒரு தாளைப் பிடியுங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடங்கினால், சுண்டுவிரல் பக்க நரம்பு பலவீனமாகியிருக்கலாம். முழங்கையை மடக்கியபடியே நெடுநேரம் போன் பார்ப்பவர்களுக்குச் சுண்டுவிரல் மரப்பதும் இந்த நரம்பால்தான்.

மேற்கை: நாற்காலி முதுகில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கி எழுந்ததும் மணிக்கட்டு தொங்கி நிமிர்த்த முடியவில்லையா? மேற்கை எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம்.

தலையைச் சாய்த்து மேலிருந்து அழுத்திக் கழுத்து நரம்பைச் சோதிக்கும் முறையும் உண்டு. அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

எந்த ஒரு சோதனையும் தனியாக முடிவு சொல்லிவிடாது. பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான், நரம்புக் கடத்தல் சோதனையோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

உடனே போக வேண்டியது எப்போது?

விபத்தில் கழுத்து வலி இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். அவரை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டு கைகளும் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென ஒரு பக்கக் கை விழுந்து, வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போதும் 108தான்.

உங்களுக்காக உள்ள சேவைகள்

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். கை அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தனித் துறையே இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

போகும்முன் உங்கள் போனில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்த விரல் மரக்கிறது, எந்த அசைவு வரவில்லை. வராத அசைவை ஒரு சின்ன வீடியோவாகவும் எடுத்து வையுங்கள். வாரா வாரம் எடுத்தால், கை தேறுகிறதா இல்லையா என்பது மருத்துவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தேறவில்லை என்றால் அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.