மலைநாட்டில் அவசர மருத்துவப் பணி: வழியும் மொழியும் அறிந்தோர் தேவை

ஓர் உயிர் பிழைப்பதும் பிரிவதும் பல வேளைகளில் வைத்தியசாலையின் வாயிலை அடைவதற்கு முன்னரே தீர்மானமாகி விடுகின்றன. இதயம் நின்றுபோன ஒருவரின் மூளை நான்கைந்து நிமிடங்களில் பாதிப்படையத் தொடங்குகின்றது. பாரிசவாதத்தால் தாக்குண்டவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நாலரை மணித்தியாலங்களுக்குள் செலுத்தினால் மட்டுமே உரிய பயன் கிடைக்கும். விபத்தில் பெருமளவு குருதி இழந்தவருக்கோ அந்த அவகாசமும் இல்லை. இந்தக் குறுகிய இடைவெளியில் நோயாளியின் அருகே முதலில் வந்து நிற்பவர் வைத்தியர் அல்லர்; நோயாளர் காவு வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளரே ஆவார். அவர் எங்கிருந்து வருகின்றார், எந்த மொழி பேசுகின்றார், செல்லும் வழியை அறிவாரா என்பன சிறிய விடயங்கள் போலத் தோன்றலாம். கண்டி போன்றதொரு மாவட்டத்தில் அவை உயிரோடு தொடர்புடைய விடயங்களாகும்.

நமது நாட்டில் 'துணை மருத்துவத் துறையினர்' என்று கூறும்போது பெரும்பாலானோர் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப் பிடிப்பாளர், இயன்மருத்துவர் போன்றோரையே எண்ணுவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் இத்துறைகளில் பட்டக் கற்கைகளை நடத்தி வருகின்றது. ஆனால், வீட்டுக்கும் வீதிக்கும் நேரடியாகச் சென்று, குருதியழுத்தத்தையும் குருதிச் சீனியையும் அளந்து, ஒட்சிசன் வழங்கி, முறிந்த எலும்பை அசையாது கட்டி, நோயாளியைப் பாதுகாப்பாக வைத்தியசாலையில் ஒப்படைக்கும் பணி வேறானது. மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக வேரூன்றிய இத்தொழில் இலங்கையில் மிக அண்மைக் காலத்திலேயே அமைப்பு ரீதியாகத் தோன்றியது.

2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் '1990 சுவசெரிய' சேவை ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதற்கட்ட உதவியாளர்கள் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டு, இந்தியாவின் '108' சேவையை நடத்திய நிறுவனத்திலேயே பயிற்சி பெற்றனர். தமிழ்நாட்டில் 2008 செப்டெம்பரில் ஆரம்பமான 108 சேவையும் அதே நிறுவனத்தின் வழிவந்ததே. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் இடம்பெற்ற வைபவத்துடன் சேவையின் விரிவாக்கம் தொடங்கியது. மேலும் 209 வண்டிகள் சேர்க்கப்பட்டு மொத்தம் 297 ஆக, மத்திய மாகாணம் உட்பட ஏனைய மாகாணங்களையும் அது சென்றடைந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் சுவசெரிய மன்றம் நிறுவப்பட்டது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாரதியும் ஓர் உதவியாளரும் இருப்பர்.

இச்சேவை நாடு முழுவதற்குமானது என்பதால், ஓர் இளைஞரோ யுவதியோ தாம் பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வேறொரு பிரதேசத்தில் பணியாற்ற நேர்வது இயல்பு. கல்முனையில் வளர்ந்தவர் கண்டிக்கு வரலாம். குருணாகலையில் வளர்ந்தவர் தெல்தோட்டைக்கு வரலாம். வகுப்பறையில் கற்ற மருத்துவ அறிவு எல்லா ஊருக்கும் ஒன்றே. ஆனால் மலைநாட்டுக்கு வருபவர் இரண்டாவது பயிற்சி ஒன்றையும் பெற வேண்டியவராகின்றார். அந்தப் பயிற்சிக்குப் பாடநூல் கிடையாது.

வழி அறிதல்

அப்பயிற்சியின் முதற்பாடம் நிலம். சமவெளியில் பத்துக் கிலோமீற்றர் என்பது சில நிமிடப் பயணம். மலையில் அதே தூரம் அரை மணித்தியாலத்தை விழுங்கிவிடக் கூடும். கொழும்பிலிருந்து வரும் பிரதான வீதி கடுகண்ணாவைக் கணவாய் வழியாக ஏறுகின்றது. யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதி கண்டியில் ஆரம்பித்து அக்குறணையைக் கடந்து மாத்தளை செல்கின்றது. பலத்த மழை பெய்தால் பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரை மூழ்கடிப்பது அடிக்கடி நிகழும் அவலம். மஹியங்கனை செல்லும் பாதையில் பல கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எசல பெரஹரா நாட்களில் நகரின் பிரதான வீதிகள் பல மணித்தியாலங்கள் மூடப்படும். இவையனைத்தையும் காலநேரத்தோடு அறிந்திருப்பவரே எந்த வழியாகச் செல்வது என்பதை உரிய வேளையில் முடிவு செய்ய முடியும்.

எங்கே கொண்டு செல்வது என்பதும் அவ்வாறே. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, அதன் அருகேயுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை ஆகியன ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தூரத்திலேயே அமைந்துள்ளன. கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய ஆகிய இடங்களிலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. அருகில் உள்ளதற்கு விரைவதா, வசதி மிக்கதற்குச் செல்வதா என்ற வினா ஒவ்வொரு பயணத்திலும் எழும்.

தோட்டங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் பல லயன் குடியிருப்புகளுக்குத் தனித்தனி முகவரி இல்லை. 'மேற்பிரிவு, மூன்றாவது லயன்' என்பதே அடையாளம். போதாக்குறைக்கு ஒரே தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதுண்டு. நாம் கம்பளை என்பதைச் சிங்கள மக்கள் கம்பொல என்பர்; நாம் கண்டி என்பது அவர்களுக்கு மகநுவர. அழைப்பவர் பதற்றத்தில் கூறும் பெயரை வண்டியில் வருபவர் விளங்கிக்கொள்ளாவிட்டால், செய்மதி வழிகாட்டியும் கைத்தொலைபேசிச் செயலியும் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பாதைகள் துண்டிக்கப்படும் அத்தகைய வேளைகளில் மாற்று வழி எது, எந்தப் பாலம் தாங்கும், எந்த ஊரில் யாரை அழைத்தால் உதவிக்கு ஆட்கள் திரள்வர் என்பன வரைபடத்தில் கிடைப்பதில்லை. ஊரோடு பழகியவரிடமே கிடைக்கும்.

மொழி அறிதல்

நிலத்தை விடவும் முக்கியமானது மொழி. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 13 இலட்சத்து 75 ஆயிரம். அதில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஏறத்தாழ நால்வரில் ஒருவர். அக்குறணை, தெல்தோட்டை, பன்விலை, பஸ்பாகே கோறளை, உடபலாத்த ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகவும் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன.

'எப்போது ஆரம்பித்தது, எங்கே வலிக்கின்றது, வலி கைக்குப் பரவுகின்றதா, என்ன மருந்து எடுக்கின்றீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது' என்ற ஐந்து வினாக்களும் அவற்றுக்கான விடைகளுமே அவசர சிகிச்சையின் அரைப்பங்கு எனலாம். தோட்டத்து மூதாட்டி ஒருவர் 'நெஞ்சு கரிக்குது' என்று கூறினால் அது வெறும் வயிற்றெரிவாக இருக்கலாம். மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மேலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அவற்றைத் தமிழில் கேட்கத் தெரியாதவர் ஊகத்தையே நம்ப நேரிடும்.

மலையகச் செய்திகளில் நாம் அடிக்கடி வாசிக்கும் குளவிக்கொட்டையும் எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து பலர் ஒரே நேரத்தில் தாக்கப்படுவர். சிலருக்கு வலியும் வீக்கமும் மட்டுமே ஏற்படும். வேறு சிலருக்கோ ஒவ்வாமை உச்சமடைந்து, தொண்டை வீங்கி, குருதியழுத்தம் சரிந்து சில நிமிடங்களில் உயிராபத்து நேரும். அவ்வாறானவர்களுக்கு அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் யாரை முதலில் கவனிப்பது? 'மூச்சு முட்டுகின்றதா, நாக்குத் தடிக்கின்றதா, முன்பு கொட்டியபோது மயங்கி விழுந்தீர்களா' என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்தவருக்கே அது விரைவில் புலப்படும்.

தமிழும் அரச கரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் அரசியலமைப்பில் இடம்பெற்ற உரிமை. 2007 ஜூலை 1இன் பின்னர் அரச சேவையில் இணைந்தோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் எனச் சுற்றறிக்கையும் வெளியிடப்பட்டது. அலுவலகக் கருமபீடத்தில் மொழி தவறினால் ஒரு கடிதம் தாமதமாகும். நோயாளர் காவு வண்டியில் மொழி தவறினால் அதற்குப் பரிகாரம் தேடுவதற்கு அவகாசமே இராது.

மனிதரை அறிதல்

வேற்றூரிலிருந்து வருபவர் மக்களின் பழக்கவழக்கங்களையும் அறிந்திருத்தல் அவசியம். நோன்பு காலத்தில் பிற்பகல் வேளையில் நீரிழிவு நோயாளர் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் ஐயுற வேண்டியது குருதிச் சீனி இறங்கியமையையே. நோயாளிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை அளித்துள்ளது என்பதை மென்மையாக எடுத்துரைக்கத் தெரிந்த உதவியாளருக்கு, தயங்கி நிற்கும் குடும்பமும் ஒத்துழைக்கும். பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது உறவினரான பெண்ணொருவரை உடனிருக்கச் செய்வது, உடலைப் போர்த்திய பின்னரே வெளியே கொண்டு வருவது போன்ற சிறு கவனங்கள் பெரும் நம்பிக்கையைத் தேடித்தரும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்முறையின் வடுக்களைச் சுமந்திருக்கும் ஒரு மாவட்டத்தில், இரவு வேளையில் கதவைத் தட்டும் சீருடைக்காரர் மீது நம்பிக்கை ஏற்படுவது தானாக நிகழ்வதன்று.

தோட்ட மக்களுக்கும் நீண்டதொரு வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் வழி, அவர்களது வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே நெடுங்காலம் இருந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்தே அரசாங்கம் தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நோயாளியைத் தோட்ட லொறியில் ஏற்றிச் சென்ற காலம் பலரின் நினைவில் இன்னும் நீங்கவில்லை. தமக்காக ஒரு வண்டி வரும் என்ற எண்ணமே புதிதாக உள்ள மக்களிடம், அதனை அழைக்கும் துணிவும் மெல்லவே வளரும்.

அமெரிக்கா தரும் பாடம்

இவ்விடயத்தில் உலக அனுபவம் ஒன்று நமது கவனத்துக்குரியது. அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரில், ஹில் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நோயாளிகளைப் பொலிஸ் வாகனங்களே ஏற்றிச் சென்றன. 1967இல் அங்கு 'ஃபிரீடம் ஹவுஸ்' என்ற நோயாளர் காவு சேவை தோற்றுவிக்கப்பட்டது. வேலையற்றிருந்த உள்ளூர்க் கறுப்பின இளைஞர்களைத் தெரிவு செய்து, உயிர்மீட்புச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான வைத்தியர் பீற்றர் சஃபார் பயிற்றுவித்தார். அவர்களே அந்நாட்டின் நவீன அவசர மருத்துவச் சேவைக்கு முன்னுதாரணமாகினர். எனினும் 1975இல் மாநகர நிருவாகம் தனது சொந்தச் சேவையை ஆரம்பித்தபோது ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் ஊழியர் பலர் நாளடைவில் ஓரங்கட்டப்பட்டனர். தமது மக்களின் தெருவையும் பேச்சையும் அறிந்தவர்கள் முறையான பயிற்சி பெற்றால் எத்தகைய சேவையாற்ற முடியும் என்பது அந்த வரலாற்றின் முதற்பாடம். அவர்களுக்குரிய இடத்தை நிருவாகம் உறுதிசெய்யாவிட்டால் அந்த அனுபவம் வீணாகிவிடும் என்பது இரண்டாம் பாடம்.

செய்ய வேண்டியவை

உயர்தரத்தில் உயிரியல் கற்று, மருத்துவபீட அனுமதி கிட்டாமற்போன பிள்ளையை 'தோல்வியடைந்தவர்' எனக் கருதும் மனப்பான்மை நமது பெற்றோரிடம் இன்னும் உள்ளது. அவசர மருத்துவ உதவியாளர் பணி அப்பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவுகளில் ஒன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, சிங்களத்தையும் சரளமாகப் பேசும் மலையக, முஸ்லிம் இளைஞர் யுவதிகளுக்கு இத்துறையில் இயல்பான தகுதி ஒன்று ஏற்கெனவே உள்ளது. ஆட்சேர்ப்பு அறிவித்தல்களைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு சேர்ப்பது நமது சமூக நிறுவனங்கள் உடனே செய்யக்கூடிய பணியாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டுச் சென்ற சூழலில் இத்தேவை மேலும் கூடியுள்ளது.

அதிகாரிகள் செய்ய வேண்டியவையும் உண்டு. இருமொழிப் பிரிவுகளில் பணியமர்த்தப்படுவோரிடம் தமிழறிவை எதிர்பார்க்க வேண்டும். அது இல்லாதோருக்கு நோய்க்குறி சார்ந்த தமிழ் உரையாடல் பயிற்சி வழங்க வேண்டும். தோட்டப் பெயர்களையும் லயன் அமைவிடங்களையும் இரு மொழிகளிலும் பதிவு செய்த பட்டியல் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருவோருக்குத் தங்குமிட வசதியும், ஊர் பழகும் வரை அனுபவமிக்க ஒருவருடன் பணியாற்றும் ஏற்பாடும் இன்றியமையாதவை.

பொதுமக்களுக்கும் பொறுப்புண்டு. 1990ஐ அழைக்கும்போது நகரத்தின் பெயர், தோட்டத்தின் இரு பெயர்கள், பிரிவு, அருகிலுள்ள கோவில் அல்லது பள்ளிவாசல் ஆகியவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும். ஒருவரைப் பிரதான பாதைக்கு அனுப்பி வண்டியை எதிர்கொள்ளச் செய்தால் பெறுமதியான நிமிடங்கள் மிஞ்சும். புதிதாக வந்திருக்கும் உதவியாளர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும் அவருக்கு வழியையும் ஊரையும் அறிமுகம் செய்து வைப்பது ஊராரின் கடமை. வண்டிகள் வந்துவிட்டன. அவற்றில் வருவோர் மலைநாட்டின் பாதைகளையும் நமது பேச்சையும் அறிந்தவர்களாக இருப்பதற்கு ஆவன செய்வதே இப்போது எஞ்சியுள்ள பணியாகும்.